நத்தை கொடுத்த முழங்கால்

எலும்புக்கு மடங்கத் தெரியாத காலம் அது. மரமும் பறவையும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் மனிதர்களுக்கு முதுகும் இடுப்பும் காலும் ஒரே எலும்பு. பனைபோல நிமிர்ந்து நிற்பார்கள். நிறைந்த பானையை அசைத்து அசைத்து நகர்த்துவதுபோலத்தான் உடம்பை நகர்த்துவார்கள். தூக்கம் வந்தால் மரத்தில் சாய்ந்துகொள்வார்கள். உட்காருவது என்ன என்று யாருக்கும் தெரியாது.

அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கீழே விழுந்தது மண்ணுக்குச் சொந்தம். மாங்காய் விழுந்தாலும் அப்படித்தான், மனிதர் விழுந்தாலும் அப்படித்தான். குனிய முடியாதவர்கள் பார்த்துக்கொண்டு நின்று என்ன ஆகப்போகிறது? முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் மரியாதை.

கைக்குழந்தைக்கு மட்டும் எலும்பு இளசு, எப்படியும் வளையும். வளர வளர அதுவும் விறைத்துவிடும். அதுவரை நெஞ்சுயரக் கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பார்கள்.

ஆற்றங்கரை மருதமரத்தில் வெள்ளச்சி தன் மகளுக்குத் தூளி கட்டியிருந்தாள். மேற்கே மழை கறுத்த ஒரு நாள், காற்றில் முடிச்சு அவிழ்ந்தது. பிள்ளை விழுந்த சத்தம் கேட்டு வெள்ளச்சி கீழே பார்த்தாள். காலடியில்தான் கிடக்கிறது, வாய்விட்டு அழுகிறது. கை நீட்டினால் காற்றுதான் அகப்படுகிறது. ஆறு வேறு கரையேறிக்கொண்டிருந்தது.

“மதினி, பார்க்காதீங்க,” என்றான் பக்கத்து மரத்தில் சாய்ந்திருந்த கொழுந்தன் காளப்பன். “அவ மண்ணுக்குப் போயிட்டா. திரும்பிக்கோங்க.” சொல்லிவிட்டு அவன் மரப்பட்டையில் முகத்தைப் பதித்துக்கொண்டான். போன மழைக்கு அவன் மகன் விழுந்தபோதும் அப்படியேதான் நின்றான்.

வெள்ளச்சி திரும்பவில்லை. மரத்தில் கொத்திக்கொண்டிருந்த மரங்கொத்தியைக் கூப்பிட்டு, என் இடுப்பையும் காலையும் நடுவில் அறுத்துவிடு என்றாள். மரங்கொத்தி திடுக்கிட்டுப் போனது. இத்தனை காலத்தில் அப்படி ஒரு வேலையை யாரும் அதனிடம் சொன்னதில்லை. ஆனாலும் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிறகு எதுவும் கேட்காமல் இடுப்பிலும் முழங்காலிலும் கொத்தத் தொடங்கியது.

கால் இரண்டாகப் பிரிந்தது. மடக்கப் பார்த்தாள். எலும்போடு எலும்பு உரசி ‘நறநற’ என்றது. வலியில் கண் இருண்டது. அவளால் மடக்க முடியவில்லை. தண்ணீர் பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டது.

மரங்கொத்தி பறந்துபோய்ப் பனங்காயிலிருந்து நுங்கைத் தோண்டி வந்து, அறுத்த இடத்தில் எலும்பு முனைகளுக்கு மெத்தைபோலப் பொருத்தியது. அப்போதும் எலும்பு வழுக்கவில்லை. அவள் முகத்துக்கு நேரே, மரத்தில் ஒரு நத்தை வழவழவென்று பசைக் கோடு இழுத்தபடி ஊர்ந்துகொண்டிருந்தது.

“என் பசையைக் கேட்கப்போறே, அதானே?” என்றது நத்தை. “கொடுத்துட்டா நான் எப்படி நடக்கறது?”

 வெள்ளச்சி நத்தையைப் பார்க்கவும் முடியாமல், பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்கவும் முடியாமல் நின்றாள்.

“சரி, எடுத்துக்கோ,” என்றது நத்தை. “மழைக்குத்தான் நான் வெளியே கிளம்புவேன். அப்ப வந்து கொஞ்சம் திருப்பிக் கேட்பேன், வலிக்கும். ஓட்டமும் நடையுமா இரு, சும்மா கிடந்தா பசை இறுகிடும். அந்த நுங்கும் எப்பவும் இளசா இருக்காது. எல்லாம் தெரிஞ்சுதான் வாங்கிக்கிறியா?”

அவள் தலையை ஆட்டினாள். நத்தை இடுப்புக்கும் முழங்காலுக்கும் இறங்கி, அறுத்த இடங்களில் தன் பசையை விட்டது.

‘சடக்’ என்று ஒரு சத்தம்.

வெள்ளச்சி உடைந்து விழுந்தாள் என்றுதான் சுற்றிலும் முகம் திருப்பி நின்ற ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். பாதி ஆளாகப் போய்விட்டாளே என்று ஒருத்தி அலறினாள். வழக்கத்தை மறந்து அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விழவில்லை. முழங்கால் மண்ணில் பதிய, இடுப்பு மடங்க, பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே காலை நீட்டி எழுந்தாள்.

 காளப்பன்தான் முதலில் பேசினான்.

“இவ்வளவுதானா, மதினி?”

 மரங்கொத்தியிடம் அடுத்த ஆளாக அவன்தான் போய் நின்றான். தூக்க அவனுக்குப் பிள்ளை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.  அவனுக்குப் பின்னால் ஊர் வரிசையில் நின்றது. மருதமரத்து நத்தைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

அன்று முதல்தான், மழை வானத்தில் திரளும்போதே நம் முழங்காலுக்குத் தெரிந்துவிடுகிறது. நத்தை கேட்க வந்திருக்கிறது. தூங்கி எழுந்த காலையில் கால் இறுகிக் கிடக்கிறது, நாலடி நடந்தால் இளகுகிறது. வயதாக ஆக நுங்கு முற்றித் தேய்கிறது, பழைய ‘நறநற’ திரும்பக் கேட்கிறது. வலிக்கும் காலைப் பிடித்துக்கொண்டு எத்தனை முனகினாலும், தெருவில் யார் பிள்ளை விழுந்தாலும் நாம் முதலில் குனிந்துவிடுகிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.