மொச்சையின் விரதம்

“அம்மா, மொச்சை விரதம் இருக்கு.”

தையல்நாயகி இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். மொச்சை என்பது மடத்தில் வளரும் முயலின் பெயர். அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

அவளுக்கு அறுபதை நெருங்கும் வயது. கணவர் போனபின் எதைக் கண்டாலும் பயம். அது தீரட்டும் என்று இந்த மலைக்கு வந்தவள். அவளுடைய குரு தவமணி அம்மாவுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

“விரதம்னு யார் சொன்னது?”

“நேத்து ஏகாதசி. நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. கீரையை வாயில வாங்குது, கீழே போட்டுடுது. வேண்டாம்னு இருக்கும்மா.”

“வேண்டாம்னா ஏன் வாயில வாங்குது?”



அம்மா இலையை அப்படியே விட்டு எழுந்தார். அவர் சோற்றைப் பாதியில் விட்டு அவள் பார்த்ததே இல்லை. அவளும் பின்னாலேயே முயல் கூண்டுக்குப் போனாள்.

முயல் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

அம்மா அதன் தாடைக்கு அடியில் விரலை வைத்தார். ரோமம் எச்சிலில் ஊறித் திரிதிரியாக ஒட்டியிருந்தது.

“இந்த ஈரம் எத்தனை நாளா இருக்கு?”

“தண்ணி குடிச்சிருக்கும்னு நினைச்சேன்.”

“நினைச்சீங்களா, இல்லை அப்படி நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டீங்களா?”

அம்மா முயலின் மேலுதட்டை விலக்கிப் பார்த்தார். தையல்நாயகி உள்ளே ஓடினாள். நகவெட்டியோடு திரும்பி வந்தாள்.

“முன்பல்லு நீண்டிருக்கும்மா. நானே வெட்டிடறேன். டாக்டர் வேண்டாம்.”

“அது நகம் இல்லை. வெட்டினா வேர் வரைக்கும் பிளந்துடும். டாக்டர் ஏன் வேண்டாம்?”

“ஏதாவது சொல்லிடுவாங்க.”

அம்மா நகவெட்டியை வாங்கிக்கொண்டு, முயலை ஒரு கூடையில் வைத்து அவள் கையில் கொடுத்தார்.

பேருந்து மலையிறங்கும் வரை அவள் கூடைக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. மூச்சு இருக்கிறதா? இருந்தது. இப்போது? இருந்தது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா, வெளிச்சம் பொருத்திய சிறு குழாயை முயலின் வாய்க்குள் விட்டார்.

“பார்க்கறீங்களா?”

தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாருங்க,” என்றார் அம்மா.

பார்த்தாள். உள்ளே கடைவாய்ப்பல் பக்கவாட்டில் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது.

“முயலுக்குப் பல்லு சாகற வரைக்கும் வளரும்,” என்றார் டாக்டர். “நாள் பூரா புல்லை அரைச்சாத்தான் தேயும். நீங்க என்ன கொடுப்பீங்க?”

“ரொட்டி... வாழைப்பழம்... பாவம், மெத்துன்னு இருக்கட்டுமேன்னு.”

டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“மயக்கம் கொடுத்துத்தான் தேய்க்கணும். ரொம்பத் துவண்டு போயிருக்கு, எழுந்திரிக்காமலும் போகலாம். தேய்க்காம விட்டா பட்டினியிலயே போயிடும்.”

தையல்நாயகி குருவின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்கம்மா. பிழைக்குமா?”

“தெரியாது.”

மடத்தில் ஒருநாளும் அவர் வாயிலிருந்து கேட்டிராத சொல்.

“உங்களுக்குப் பயமா இல்லையா?”

அம்மா கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் கையாலேயே முயலைத் துண்டில் சுற்றி டாக்டரிடம் கொடுத்தார்.

கதவு மூடியது.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தையல்நாயகி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். அம்மா கண்ணை மூடவில்லை, ஜபிக்கவில்லை. அவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தபோது துண்டுக்குள் மொச்சையின் மூக்கு அசைந்தது.

“கண்ணு முழிச்சிடுச்சு,” என்றார் டாக்டர். “வலிக்கு மருந்து தர்றேன். தானா சாப்பிடற வரைக்கும் தீனியைக் கரைச்சு ஊசியில்லாத சிரிஞ்சுல ஊட்டுங்க. ஆனா பல்லு மறுபடி வளரும். சில மாசத்துக்கு ஒருதரம் கொண்டு வந்து காட்டணும். மயக்கமும் கொடுக்க வேண்டி வரலாம்.”

மடத்துக்கு ஏறும் பாதையில் தையல்நாயகி நின்றுவிட்டாள். கூடையை மார்போடு அணைத்திருந்தாள்.

“அப்போ இந்தப் பயம் திரும்பத் திரும்ப வருமாம்மா?”

“வரும்.”

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாதையோரத்தில் குந்தினார். காய்ந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

“அந்தப் பக்கம் நிறைய இருக்கு,” என்றார். “பிடுங்குங்க.”