வைக்கோல் வரிசை

காங்கயத்துக்குத் தெற்கே ஒரு சிறு மடம். அதை நடத்திவந்தவர் மயிலம்மை. நாற்பது வயதுகூட இருக்காது. அவருடைய சீடர் அவினாசியப்பனுக்கு அறுபத்து மூன்று. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை மகன்களிடம் விட்டுவிட்டு இரண்டு வேட்டியோடு வந்து சேர்ந்தவர்.

மடத்துப் பசுவையும் கன்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பசு செவலை. அவர் குரல் கேட்டாலே தலையைத் தூக்கும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மேய்ச்சல் காட்டில் புல் வேரோடு கருகிவிட்டது. செவலை வேலியோரத்துச் சருகை நக்கிக்கொண்டு நின்றது. மடியில் பால் வற்றி, கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் மானிய விலையில் வைக்கோல் கொடுப்பதாகச் செய்தி வந்தது.

"போய் வாங்கி வாருங்கள் ஐயா" என்றார் மயிலம்மை.

அவினாசியப்பன் நகரவில்லை.

"எல்லாம் வேண்டாமென்று வந்தவன், அம்மா. இனி அரசாங்கத்திடம் போய்க் கை நீட்டலாமா?"

மயிலம்மை தலையாட்டினார்.

"அதுவும் சரிதான். அப்படியானால் இரண்டையும் சந்தைக்கு ஓட்டிப் போங்கள். இங்கே கட்டிப்போட்டுச் சாகவிட வேண்டாம்." வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்தார்.

இந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று அவினாசியப்பனுக்குத் தெரியும். ஆனாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கன்று பின்னால் வந்தது.

வழியில்தான் வைக்கோல் கிடங்கு. தலை குனிந்தபடி வேகமாகக் கடக்கப் பார்த்தார். செவலை நின்றுவிட்டது. மூக்கை விரித்து மோந்தது. அவர் இழுத்தார். அது அதைவிடப் பலமாக அவரை இழுத்துக்கொண்டு போய் வரிசையின் நடுவில் நின்றது.

சனங்கள் சிரித்தார்கள். கூடையோடு நின்ற ஓர் அம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள்.

"நம்ம தாசில்தாருங்களா? முந்தின பஞ்சத்துல உங்க மேசைக்கு முன்னால நின்னேனுங்க. மாடு நெசமாவே இருக்குதான்னு மூணு தடவை கேட்டீங்க."

அவினாசியப்பனுக்கு முகம் சிவந்தது.

"கேட்டேன்" என்றார். "கேட்டிருக்கக் கூடாது, தாயி."

"அட, அது கெடக்குதுங்க. கன்னு வெயில்ல நிக்குது பாருங்க. நீங்க முன்னால போங்க."

"வேண்டாம். நான் கடைசியில் நிற்கிறேன்."

மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்தபோது மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞன் நிமிராமலேயே கேட்டான்.

"மாடு இருக்கா?"

"இருக்குதுங்க" என்றார் அவினாசியப்பன். அந்த 'ங்க' அவர் வாயிலிருந்து தானாக வந்தது. அதற்குள் செவலை மேசையைச் சுற்றிப்போய் வைக்கோல் கட்டுக்குள் வாயை வைத்திருந்தது. இளைஞனும் சிரித்துவிட்டான்.

வழிச்செலவுப் பணத்தை வைக்கோலுக்குக் கொடுத்தார். கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு மடத்துக்குத் திரும்பினார். வழிநெடுகச் செவலை எட்டி எட்டி ஒவ்வொரு வாயாக உருவித் தின்றுகொண்டே வந்தது. அவர் தடுக்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது.

மயிலம்மை அடுப்படியில் இருந்தார். வந்து நின்ற அவினாசியப்பனின் தலைமுடியெல்லாம் வைக்கோல் துரும்பு.

"சந்தைக்குப் போகவில்லையா?"

"இல்லை அம்மா. கை நீட்டிவிட்டேன்."

"நீட்டியதில் ஏதாவது போயிற்றா?"

அவினாசியப்பன் கட்டை இறக்கி வைத்தார்.

"தாசில்தார் போய்விட்டார், அம்மா."

மயிலம்மை உலையில் போட இருந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் திரும்ப அரிசிப் பானையில் போட்டார்.

"நல்லது. இத்தனை நாளாக அவருக்கும் சேர்த்துத்தான் வடித்துக்கொண்டிருந்தேன்."