போயிட்டு வர்றேன் என்று போன வீட்டுக்காரர்

செம்மண்குழிக்கு ஒரு நாளைக்கு நாலு முறை பஸ் வரும். அங்கே ஏகாம்பரம், வைத்தி, பொன்னுரங்கம் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு நவீன வீடு கட்டியிருந்தார்கள். மூன்று படுக்கையறை, கிரானைட் தரை, லேசாகத் தள்ளினால் தானே மூடிக்கொள்ளும் சமையலறை இழுப்பறைகள், வாசலில் கேமரா. அந்த வீட்டில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதை எந்தக் கொத்தனாராலும் கட்டிக் கொடுக்க முடியாது.

ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த ஏகாம்பரத்தின் மனைவி மங்கையர்க்கரசி ஒருநாள் பெட்டியைத் தூக்கினாள். "வீட்டை வித்துட்டுத் தனிக்குடித்தனம் வைங்க. அப்பதான் வருவேன்" என்று சொல்லிவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாமல் ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தான், பாவம். அறிவை எங்கே வைத்தான் என்றுதான் தெரியவில்லை.

தரகர் தனுஷ்கோடி வந்தார்.

"வெள்ளிக்கிழமை மருந்துக்கடை முதலாளி ஒருத்தர் வீடு பாக்க வர்றாரு. எனக்கு வேற சோலி இருக்கு, நீங்களே காட்டிருங்க. உள்ள வந்ததும் இது தன் வீடுன்னு அவருக்குத் தோணணும். தோணிட்டா வீடு வித்தாச்சுன்னு வச்சுக்குங்க."

அவர் போனதும் மூவரும் கூடி யோசித்தார்கள்.

"அவர் வீடுன்னா அப்ப நாம யாருண்ணே?" என்றான் வைத்தி.

"விருந்தாளிங்க" என்றான் ஏகாம்பரம்.

"விருந்தாளி வெறுங்கையோட போறதா?" என்றான் பொன்னுரங்கம். அந்த வீட்டில் அதுவரை பேசப்பட்டதிலேயே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான்.

வெள்ளிக்கிழமை வெளுத்த வேட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகக் காத்திருந்தார்கள். முதலாளி வந்ததும் கதவைத் திறந்து அவரை உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்கள். அவரும் எல்லா அறையையும் தானே சுற்றிப் பார்த்தார். வீடு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஏங்க, வெளியவே நிக்கிறீங்க?"

"நீங்க இன்னும் வாங்கன்னு சொல்லலையே" என்றான் ஏகாம்பரம்.

முதலாளி சிரித்துக்கொண்டே "வாங்க" என்றார். வந்தார்கள், பழத்தைக் கொடுத்தார்கள், சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் காப்பியில சர்க்கரை கம்மியா போடச் சொல்லுங்க" என்றான் வைத்தி.

"யாருகிட்டச் சொல்றது?"

"உங்க வீட்டுல யாரு காப்பி போடுவாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொன்னுரங்கம் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "வீட்டை அம்சமா கட்டியிருக்கீங்க. எத்தனை வருசமாச்சு?"

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "கொஞ்சம் வேலை இருக்கு, போயிட்டு வர்றேன்" என்று எழுந்தவர் கார்க் கதவைச் சாத்தக்கூட நிற்கவில்லை.

"வீட்டுக்காரர் இல்லாதப்ப உள்ள இருந்தா ஊர் என்ன சொல்லும்?" என்றான் ஏகாம்பரம். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான். மூவரும் எதிரே இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். போயிட்டு வர்றேன் என்று சொன்ன மனுசன் வராமலா போய்விடுவார்?

ஒன்பது நாள் ஆயிற்று. ஓட்டலில் சாப்பாடு, தெருக்குழாயில் குளியல், மரத்தடியில் தூக்கம். இதற்கிடையில் ஏகாம்பரம் ஆசை ஆசையாக மனைவிக்குப் போன் போட்டு, வீடு விற்றாயிற்று என்று சொல்லியிருந்தான். அவளும் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"வித்தாச்சுன்னீங்க, தெருவுல உக்காந்திருக்கீங்க?"

"வீட்டுக்காரர் வெளிய போயிருக்காரு."

"சாவி?"

"என்கிட்டதான் இருக்கு. அடுத்தவர் சாவியாச்சே, பத்திரமா வச்சிருக்கேன்."

மங்கையர்க்கரசி அவன் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள், திறந்து உள்ளே போனாள், தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள்.

"நான் கேட்ட தனிக்குடித்தனம் இதுதான். நீங்க மூணு பேரும் அங்கேயே இருங்க."

"அடுத்தவர் வீட்டுக்குள்ள அண்ணி பூந்துட்டாங்களே!" என்று தம்பிகள் இருவரும் அலறினார்கள். ஏகாம்பரம் மட்டும் நிதானம் தவறவில்லை. முதலாளிக்குப் போன் போட்டான்.

"ஐயா, பதறாதீங்க. உங்க வீட்டுக்கு ஒரு பொம்பளை குடிவந்திருக்கா. எனக்குத் தெரிஞ்சவதான், நல்ல குடும்பம். வாடகை எவ்வளவுன்னு சொல்லட்டும்?"