காக்கையைக் கேட்டார்கள்

அநியாயம் நடந்தது ரிஸ்வானாவுக்கு. அவள் இரண்டு வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்த காக்கை விளையாட்டை நிறுவனம் பாதியில் நிறுத்தியது. நிறுத்தியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் காக்கையை மட்டும் தனியே கழற்றிக் கொடு, ‘கோட்டைக் காவலன்’ பத்தாம் பாகத்தில் வீரனுக்குத் துணைப் பறவையாக வைத்துக்கொள்கிறோம் என்றது.

கோவையில் இருக்கும் சின்ன வீடியோ கேம் நிறுவனம் அது. கோட்டைக் காவலன்தான் அங்கே எல்லோருக்கும் சோறு போடுகிறது. ஒன்பது பாகங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அதே வீரன், அதே வாள், அதே இடிந்த கோட்டை. கோட்டை ஒரு பாகத்தில் பனியில் இருக்கும், இன்னொரு பாகத்தில் பாலைவனத்தில் இருக்கும். இதற்குப் பெயர் புதுமை.

காக்கை அவள் கல்லூரியில் படிக்கும்போதே தொடங்கியது. அதனால் அவளுடைய கையெழுத்து இல்லாமல் யாரும் அதைத் தொட முடியாது. போட்டால் வேலை நிலைக்கும். மறுத்தால் காக்கையோடு அவளும் வெளியே போக வேண்டியதுதான். மதியத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார் முதலாளி.

ரிஸ்வானா நேராகத் தேவசகாயத்திடம் போனாள். முதல் பாகத்தை உருவாக்கியவர் அவர். நாகர்கோவில்காரர். அங்கே சிலம்பம் சொல்லித் தருபவரை ஆசான் என்பார்களாம். அலுவலகத்தில் யாரோ கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

“ஆசானே, இது நியாயமா?”

“எது?”

“பத்தாம் பாகம்.”

“அது இன்னும் பிறக்கவே இல்லையே. என்ன பாவம் செஞ்சுச்சு?”

“முன்னாடி வந்த ஒன்பதும் செஞ்ச பாவம்தான்.”

“முதல் பாகத்தையும் சேர்த்தா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரி, எட்டுன்னு வெச்சுக்குங்க.”

ஆசான் சிரித்தார். கணினியில் ஒன்பதாம் பாகத்தைத் திறந்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். விரல்கள் மட்டும் நகர்ந்தன. வீரன் தாண்டினான், குனிந்தான், வெட்டினான். கோட்டைக் கதவு திறந்தது. வெற்றி முழக்கம் கேட்ட பிறகுதான் ஆசான் கண்ணைத் திறந்தார்.

“பாத்தீங்களா!” என்றாள் ரிஸ்வானா. “பார்க்காமலே ஜெயிக்கலாம். இதைப் போய் ஒரு ஆட்டம்னு விக்கறாங்க.”

“என் தங்கச்சி வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறார். வேலை முடிஞ்சு வந்ததும் இதைத்தான் ஆடுவார். நாளெல்லாம் ரோட்டைப் பார்த்த கண்ணுக்கு, பார்க்காம ஆடுறது சுகமா இருக்காம்.”

“நீங்க எந்தப் பக்கம் பேசறீங்க?”

“ஆடுறவன் நாற்காலிப் பக்கம். உன் காக்கையைப் போடு, ஆடிப் பார்க்கேன்.”

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தை உருவாக்கியவர், ஆடிப் பார்ப்பவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. விவாதம் என்றால் சாப்பாட்டை மறந்துவிடும் ரிஸ்வானாவுக்கு, இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

திரையில் ஒரு காக்கை. அலகில் பரோட்டாத் துண்டு. தூரத்தில் செல்போன் கோபுரம், அதன் உச்சியில் கூடு. எதிர்க்காற்று.

“அடிக்கிற பட்டன் எது?”

ரிஸ்வானா வாயைத் திறந்தாள். ஆசான் திரும்பாமலே விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டாள்.

அவர் எதையோ அழுத்தினார். காக்கை கரைந்தது, பரோட்டா விழுந்தது. மறுபடி எடுத்துப் பறந்தார், மின்கம்பியில் மோதினார். மறுபடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மோதினார். ரிஸ்வானா துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து, காற்று அடித்தபோது ஆசான் சிறகை மடக்கினார். காக்கை சரிந்து கீழே போனது. காற்று ஓய்ந்ததும் விரித்தார். அது மேலே எழும்பியது.

கூட்டில் ஒரு குஞ்சு வாயைப் பிளந்தது. காக்கை குனிந்து ஊட்டியது. அதோடு திரை இருண்டது. அதற்கு மேல் செய்ய நிறுவனம் விடவில்லையே.

ஆசான் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குஞ்சு அப்புறம் என்ன ஆச்சு?”

“அதுக்கு ஒரு கால் சரியில்ல ஆசானே, கம்பியில உட்கார முடியாது. அதனால அடுத்த ஆட்டத்துல அது தரையிலேயே வாழக் கத்துக்கும், பூனைங்க நடுவுல. அதுக்கும் அடுத்ததுல ஒரு மழைக்காலம், ஊரே முங்கிடும். அப்போ தரையில வாழ்ந்த அந்தக் குஞ்சு...”

நிறுத்தினாள்.

“அதுக்கும் அடுத்ததுல?” என்றார் ஆசான்.

ரிஸ்வானாவுக்கு முகம் சிவந்தது. “என்னை வேணும்னே மாட்டிவிட்டீங்க.”

“நான் குஞ்சைப் பத்திதான் கேட்டேன்.”

“அப்போ பாகம் பாகமா எடுக்கறது சரிங்கறீங்களா?”

“நான் எப்போ சொன்னேன்?”

“தப்புங்கறீங்களா?”

“அதையும் சொல்லல்லியே.”

“வரும்போது கோவமாவது இருந்துச்சு. இப்ப அதுவும் குழம்பிப்போச்சு. என் காக்கைக்கு மூணு பாகம் இருக்கலாம், அவங்க வீரனுக்குப் பத்து இருக்கக் கூடாதான்னு முதலாளி கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

அவளுடைய செல்போன் மேசைமேல் அதிர்ந்தது. முதலாளியின் பெயர் ஒளிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

“கையெழுத்து போடட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை. உங்களைக் கும்பிட்டுக் கேட்கறேன்.”

“நான் குஞ்சைப் பத்திக் கேட்ட மாதிரி, நீ வீரனைப் பத்திக் கேளு.”

“யார்கிட்ட கேட்கறது?”

“அவனை உண்டாக்குனவன்கிட்டதான்.”

அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கேட்டாள்.

“சரி, கேட்கறேன். உங்க வீரனுக்கு அடுத்து என்ன ஆகுது, ஆசானே?”

“அது யாருக்கும் தெரியாமத்தான் மக்கா, உன் காக்கையைக் கேக்காங்க.”