குழாயின் உட்சுவர்

இந்தக் கதையைப் பதினான்கு வருடங்களாக நான் சந்தேகித்து வருகிறேன்.

சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. டாக்டர் வேதாசலம், எலும்பு மருத்துவர். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருடைய கைகால் அவர் சேர்த்து வைத்தது. என் இடது முழங்கையும் அவர் கைவேலைதான்.

அவர் வாயாலேயே ஆறேழு முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஒரு சொல் மாறியதில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

*

"நான் எப்ப சார் நடப்பேன்?"

கேட்டவள் இசக்கியம்மாள். வயது முப்பத்தொன்று. ஏழு கிராமங்களுக்குத் தபால் கொடுப்பவள். சைக்கிளில் போகும்போது லாரி இடித்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்றாக முறிந்திருந்தது.

வேதாசலம் ஆறு மணி நேரம் நின்று, தகடு வைத்து, திருகாணி போட்டு, அதைச் சேர்த்தார். அந்த எக்ஸ்ரே படத்தை மற்ற மருத்துவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டு வாங்கிப்போய் மாணவர்களுக்குக் காட்டினார்.

ஐந்தாவது வாரம் காய்ச்சல் வந்தது. தையலின் ஓரத்தில் சீழ்.

சீழைச் சோதனைக்கு அனுப்பினார். கிருமியை வளர்த்து, மருந்தை வைத்துப் பார்த்து, இந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதி அனுப்பினார்கள். அந்த மருந்தைக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. சீழ் நின்றது.

மருந்தை நிறுத்திய பத்தாம் நாள் திரும்ப வந்தது.

மறுபடி சோதனை. அதே கிருமி. அதே மருந்துக்குச் சாகும் என்ற அதே பதில்.

மருந்தை மாற்றினார். போனது, வந்தது. இன்னொரு முறை மாற்றினார். போனது, வந்தது.

நான்காவது மருந்தை எழுதிய அன்றுதான் இசக்கியம்மாள் கேட்டாள்.

"சொல்லுங்க சார். தபாலெல்லாம் அங்க மலையாக் குவிஞ்சு கெடக்காம். கம்ப ஊணியாவது போய்க் குடுத்துருவேன்."

"பத்து நாள் ஊசி போகட்டும்மா. அப்புறம் சொல்றேன்."

"இதையேதான போன தடவையும் சொன்னீங்க?"

வேதாசலம் மருந்துச் சீட்டை நர்சிடம் நீட்டினார். அந்தப் பத்து நாளும் தான் பார்க்க ஒன்றுமில்லை என்று நர்சிடம் சொல்லிவிட்டு, மலையேறினார்.

*

மேற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறினால் ஒரு குடில் உண்டு. அங்கே இருந்தவரை எல்லோரும் குழாய்ச்சாமி என்றார்கள். துறவு பூணுமுன் நகரத்தில் வீடுகளுக்குக் குழாய் போட்டவர். வேதாசலத்தைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

மலைக்கு வந்தபின் தன் பழைய தொழிலை அவர் ஒரே ஒருமுறைதான் செய்தார். ஊற்றிலிருந்து குடிலின் கல்தொட்டிவரை நானூறு அடிக்குக் கறுப்புக் குழாய் இழுத்தார். பாறைச் சரிவில் கயிறு கட்டித் தொங்கியபடி போட்டது. அப்போது ஆள்காட்டி விரல் நசுங்கி, வேதாசலத்திடம் வந்தார். விரலின் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. இருவருக்கும் பழக்கம் அப்படி வந்தது.

வேதாசலம் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"சாமி, ஒரே கிருமி. சோதனைத் தட்டுல சாகுது. கால்ல சாக மாட்டேங்குது. ஏன்?"

குழாய்ச்சாமி எழுந்துபோய், தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்.

வேதாசலம் வாயருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். வாடை. செம்புக்குள் சளி போல ஏதோ மிதந்தது.

"தண்ணிக்கு உடம்பு சரியில்ல. கொஞ்சம் பாருங்க டாக்டரே."

"என் கேள்வி?"

"மொதல்ல நோயாளியப் பாருங்க."

*

வேதாசலம் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்தது.

"போச்சா?" என்று கேட்டார் குழாய்ச்சாமி.

"போச்சு சாமி."

நான்காம் நாள் காலை, குடிலில் சமையல் செய்யும் ஆவுடைத்தங்கம் கரண்டியோடு வந்து நின்றார்.

"டாக்டர் ஐயா, ஒம்ம மருந்தக் குடிச்சு நல்லாத் தெம்பா வந்திருக்கு. வந்து பாரும்."

தொட்டியில் மறுபடி அதே சளித் துணுக்குகள். அதே வாடை.

"வந்துச்சா?" என்றார் குழாய்ச்சாமி.

"வந்துச்சு."

வேதாசலம் ஊற்றுவரை ஏறினார். குழாயின் மேல் வாயிலேயே இரண்டு பங்கு பவுடரைக் கரைத்து விட்டார். நானூறு அடியும் மருந்து ஓடித் தொட்டிக்கு வந்தது.

"போச்சா?"

"போச்சு."

ஏழாம் நாள் வந்தது.

இந்த முறை அவர் குழாயின் கீழ் வாயை மரக்கட்டையால் அடைத்து, உள்ளே மருந்தை நிரப்பி, ஒரு பகல் முழுவதும் அப்படியே வைத்தார். அன்று மூன்று பேரும் ஊற்றிலிருந்து குடத்தில் நீர் சுமந்தார்கள்.

"எலும்ப ஒட்ட வைக்கவருக்குத் தண்ணியச் சுத்தம் பண்ணத் தெரியல" என்று ஆவுடைத்தங்கம் குடத்திடம் சொன்னார்.

வேதாசலத்தின் கை பவுடர் பட்டு உரிந்திருந்தது. குழாய்ச்சாமி அதைப் பார்த்தார்.

பதினோராம் நாள் காலை, தொட்டியில் முதல் துணுக்கு மிதந்தது.

வேதாசலம் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

*

குழாய்ச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது எங்கேயிருந்து வருது டாக்டரே?"

"ஒட்டிக்கிட்டு இருக்கிற எடத்துல இருந்து."

"வெவரமாச் சொல்லுங்க. நான் படிக்காதவன்."

"தண்ணியில தனியா மெதக்கிற கிருமி வேற மாதிரி. எதையாவது பிடிச்சு ஒட்டிக்கிட்டா வேற மாதிரி. கல்லு, பிளாஸ்டிக், இரும்பு, எது கெடைச்சாலும் போதும். ஒண்ணு ஒட்டும். பக்கத்துல இன்னொண்ணு ஒட்டும். கூட்டம் சேர்ந்ததும் வழும்பு மாதிரி ஒண்ணச் சொரந்து, தன்னச் சுத்திப் பூசிக்கும். அதான் அதுக்கு வீடு."

"கூட்டம் சேந்தது அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு பொருளக் கசிய விடும். அது சுத்திலும் கூடக்கூட, நாம நெறையப் பேரு இருக்கோம்னு தெரிஞ்சுக்கும்."

"ஊர்க்கூட்டத்துக்குத் தமுக்கடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றார் ஆவுடைத்தங்கம், அரிசி களைந்துகொண்டே.

"அந்த வீட்டுக்குள்ள காத்து போகுமா?"

"மேல இருக்கிறதுக்குக் காத்து உண்டு, தீனி உண்டு. அது பெருகும். நடுவுல காத்து எட்டாது. அங்க இருக்கிறது காத்தில்லாம பொழைக்கிற வழிக்கு மாறிக்கும். கெடைச்சதப் புளிக்க வச்சு, அரை வயித்துக்கு ஓட்டும்."

"ஒரே கிருமியா?"

"ஒரே கிருமிதான் சாமி. எடத்துக்குத் தக்கன மாறிக்கும்."

"அடியில இருக்கிறது?"

"அதுக்கு ஒண்ணும் கெடைக்காது. பெருகாது. அசையாது. சும்மாக் கெடக்கும்."

"செத்துட்டா?"

"இல்ல. தூங்குது."

"ஒங்க மருந்து அத என்ன பண்ணும்?"

"வளர்றதோட வேலையத்தான் மருந்து கெடுக்கும். வேலையே செய்யாததக் கெடுக்க மருந்தால முடியாது. மருந்து நின்னதும், தூங்கினது எந்திரிச்சு..."

வேதாசலம் நிறுத்திக்கொண்டார்.

தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"சோதனைக்கு எத அனுப்புனீங்க?" என்று கேட்டார் குழாய்ச்சாமி.

"சீழ்."

"அதுல இருக்கிறது?"

"மெதக்கிறது."

ஆவுடைத்தங்கம் அரிசிப் பானையைக் கீழே வைத்தார்.

"இம்புட்டும் தெரிஞ்சவரு எதுக்கு ஐயா பதினோரு நாளாப் பவுடரக் கொட்டிக்கிட்டு இருந்தீரு?"

வேதாசலம் உரிந்த கையைத் திருப்பிப் பார்த்தார்.

*

குழாய்ச்சாமி குடிலுக்குள் போய் ஒரு பழைய ஆக்சா பிளேடோடு வெளியே வந்தார். துருப் பிடித்திருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டே பாறைச் சரிவுக்கு நடந்தார். வேதாசலம் பின்னால் போனார்.

குழாய் பாறையோடு பாறையாக வளைந்து போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் கம்பி முடிச்சு. ஒரு முடிச்சுகூடத் தளர்ந்திருக்கவில்லை.

குழாய்ச்சாமி அதன்முன் உட்கார்ந்தார். வெகுநேரம் அறுக்கவில்லை.

பிறகு அறுத்தார்.

தண்ணீர் பீறிட்டுப் பாறையில் வழிந்தது. கீழே தொட்டியில் விழும் சத்தம் நின்றது.

"ஐயோ, இனிக் கொடந்தானா?" என்று கீழேயிருந்து ஆவுடைத்தங்கத்தின் குரல் கேட்டது.

ஒரு சாண் தள்ளி இன்னொரு முறை அறுத்தார். துண்டை எடுத்து நீட்டினார்.

"விரல் விடுங்க."

வெளியே குழாய் நேற்றுப் போட்டதுபோல் வழவழவென்று கறுப்பாக இருந்தது. வேதாசலம் விரலை உள்ளே விட்டார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே எடுத்தபோது கணு வரைக்கும் பழுப்பாக வழும்பு.

"எத்தன நாளா இருக்கும் சாமி?"

"நான் போட்ட வருசத்துல இருந்தே இருக்கும்."

"தேய்ச்சு எடுக்க முடியாதா?"

"பதினேழு வளைவு. உள்ள ஒண்ணும் போகாது."

"புதுசு போட்டா?"

"அதுலயும் ஒருநாள் வரும். அப்ப அதையும் அறுக்கணும்."

வேதாசலம் விரலைத் துடைக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"ஒங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா சாமி?"

"குழாய் வேல பாத்தவன் டாக்டரே."

"தெரிஞ்சும் ஏன் இத்தன வருசம் அறுக்கல?"

குழாய்ச்சாமி நுனியில்லாத விரலால் அறுபட்ட விளிம்பைத் தடவினார்.

"நான் போட்டதுல்லா" என்றார்.

*

வேதாசலம் அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். நிற்கவில்லை.

"மறுநாள் காலை தகட்டை எடுத்தேன்" என்று டாக்டர் கதையை முடிப்பார்.

அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

ஒருமுறை ஒரு பெண் மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். குடிலுக்கு எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். குழாய்த் துண்டு அவர் மேசையில்தான் இருக்கிறது. உள்ளே காய்ந்து, வெடித்து, சாம்பல் நிறத்தில் ஒரு படலம். அதில் பேனா போட்டு வைத்திருக்கிறார்.

குழாய்ச்சாமி இருந்தாரா என்று நான் சந்தேகித்ததே இல்லை. குழாயை அறுத்ததையும் நம்புகிறேன்.

எனக்கு அந்தப் பதினோரு நாள்தான் உறுத்தியது. மலையில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு நாளும் கணக்காகத் தெரிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. மலையேறியவரைக் கதை விடாமல் பின்தொடர்கிறது. கட்டிலில் கிடந்தவளை தொடக்கத்திலேயே விட்டுவிடுகிறது.

இதை இரண்டாம் முறை கேட்டபோதே கவனித்தேன். பிறகு ஏன் கேட்கவில்லை?

கதை எனக்குப் பிடித்திருந்தது. நானும் இரண்டு மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரல் தானாகத் தாழும். கேட்பவர்கள் முகம் மாறும். நான் அறுக்காமல் விட்டவை எனக்கு நினைவு வரும். சொல்லி முடித்ததும் அவற்றை அறுத்துவிட்டதுபோல் இருக்கும். அப்படி ஒரு கதையைக் கெடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? ஒரு கேள்வி போதும், கெட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

போன மாதம், என் முழங்கை மறுபடி வலிக்கிறது என்று போனேன். டாக்டர் இப்போது ஆபரேஷன் செய்வதில்லை. கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, வயதுதான் காரணம் என்றார். அங்கே இருந்த இன்னொருவர் மேசையில் இருந்த குழாய்த் துண்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

டாக்டர் சொன்னார். ஒரு சொல் மாறவில்லை.

"மறுநாள் காலை தகட்டை எடுத்தேன்."

அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் எழுந்திருக்கவில்லை. டாக்டர் குழாய்த் துண்டிலிருந்து பேனாவை எடுத்தார். எனக்கு மாத்திரை எழுதத் தொடங்கினார்.

"டாக்டர்" என்றேன்.

"ம்?"

"இசக்கியம்மாள் நடந்தாளா?"