இறங்கும் சுருதி

வாத்தியம் இல்லாமல் நான்கு பேர் பாடினார்கள். கோயில் அசன விருந்து, பள்ளி ஆண்டு விழா, திருமண வரவேற்பு என்று சிற்றூர்கள் அவர்களை அழைத்தன. ஒரு பழைய வேனில் போய் வந்தார்கள்.

மூத்தவர் ரத்தினபாய். முதற்குரல் அவருடையது, தம்பிகள் இருவருக்கும் பாடச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. மூத்த தம்பி ஏசுவடியான் அடிக்குரல். மனைவியை அடக்கம் செய்த பிறகு அவர் பாட்டில் மட்டுமே வாய் திறந்தார் என்று சொல்லலாம். இளைய தம்பி சாந்தசீலனின் மனைவி லில்லிபுஷ்பம், இரண்டாம் குரல். அவள் மருமகளாக வந்த பிறகு ரத்தினபாயிடம் பாட்டுக் கற்றாள். மதினி என்று அழைத்தாள், குருவாக வைத்திருந்தாள்.

அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு முறை இருந்தது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ரத்தினபாய் இரண்டு பல் கொண்ட எஃகு இசைக்கவை ஒன்றை முழங்கையில் தட்டிக் காதருகே பிடிப்பார். அது தரும் ஒற்றைச் சுரத்தை மெல்ல முனகுவார். அதிலிருந்து மற்றவர்கள் தத்தம் சுரத்தை எடுப்பார்கள். கவை உறைக்குள் போய்விடும். அதன்பின் ஒருவருக்கு மற்றவரே சுருதி. அரைவட்டமாக நின்று, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாடினார்கள். தாடை அசைவதைக் கண்டே குரல் எங்கே போகிறது என்று அறிந்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், ஒரு திருமண வரவேற்பு முடிந்து மேடையிலிருந்து இறங்கினார்கள். பெண்ணின் தாய்மாமன் எதிரே வந்தார்.

"நல்லாப் பாடுனீங்க. கடைசிப் பாட்டு மணமக்களுக்கு வாழ்த்துதானே?"

"ஆமா அண்ணாச்சி," என்றான் சாந்தசீலன்.

"எனக்கென்னவோ கல்லறைத் தோட்டத்துல நிக்கிற மாதிரியே இருந்துச்சு."

சாந்தசீலன் சிரித்தான். "மாப்பிள்ளை முகத்தைப் பாத்துட்டுப் பாடினோம். அதான்."

லில்லி சிரிக்கவில்லை. முடிந்த பாட்டு காதில் ஆறும் முன்பே ஒப்பனை அறைக்குப் போய், கவையை எடுத்துத் தட்டினாள். கவையின் சுரம் மேலே நின்றது. அவர்கள் ஒரு முழுச் சுரம் கீழே வந்திருந்தார்கள்.

ரத்தினபாய் வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"மதினி, நாம இறங்கிட்டோம்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒவ்வொரு நாளும் இறங்குறோம். உன் பெரியத்தான் ஏசு இறங்குறான். அவன் வீட்டுக்காரி போனதுலருந்து அவன் தொண்டையில பாரம். அவனை அந்தரத்துல விட்டுட்டு நான் மேலே நிக்க முடியுமா? நான் இறங்குறேன். நான் இறங்கினா நீங்க ரெண்டு பேரும் வாரீங்க."

லில்லி கவையை உறையில் இட்டாள்.

"சேர்ந்து தப்பாப் பாடுறதும் பாட்டா மதினி?"

 ரத்தினபாய் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒத்திகையில நீ கவையைத் தட்டு. அந்த வாழ்த்துப் பாட்டையே பாடுவோம். யாரு எங்கே போனாலும் நீ இறங்காதே. அவன் தனியா நிக்கிறதைக் கண்ணால பாரு. பாத்துட்டு வந்து இதையே கேளு."

மறுநாள் அடுத்த ஊரில், தங்குவதற்கு ஒரு பள்ளி வகுப்பறையைத் தந்திருந்தார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அரைவட்டமாக நின்றார்கள். லில்லி கவையைத் தட்டினாள்.

முதல் அடிகள் ஒழுங்காகப் போயின. இரண்டாம் சரணத்தில் தரை நழுவுவது போல் பாட்டு நழுவத் தொடங்கியது. லில்லி நழுவவில்லை. கண்களை மூடிக்கொண்டு தன் சுரத்தைப் பிடித்து நின்றாள்.

அவளுடன் ஒரு குரல் வந்து சேர்ந்தது. அவள் கண் திறந்தாள். ஏசுவடியானின் குரல். அதில் பாரம் ஏதும் இல்லை. சுமையை இறக்கிவைத்தவரைப் போல் நிமிர்ந்து நின்று பாடினார். சாந்தசீலனும் வந்து சேர்ந்தான்.

கீழே தனியாக நின்றது ரத்தினபாயின் குரல்.

அவர் ஏற முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. உச்ச சுரத்துக்குக் கை எட்டாதவர் போல் குதிகாலை உயர்த்தினார். குரல் பிளந்தது. அந்தக் கணமே ஏசுவடியான் அவரிடம் இறங்கி வந்தார். பழகிய படியில் கால் வைப்பது போல் இயல்பாக இறங்கினார்.

பாட்டு நின்றது.

"எக்கா, எனக்குக் காலையிலருந்து சளி," என்றார் ஏசுவடியான். "அதான் தடுமாறிட்டேன்."

"சளி உனக்கா?"

அவர் சன்னலைப் பார்த்தார்.

"ஏசு, எவ்வளவு நாளா எனக்காக இறங்கிட்டு வாரே?"

"மழை விடுறாப்புல இல்ல," என்றார் அவர்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இப்ப என்னக்கா அதுக்கு? ஜனங்களுக்கா தெரியுது?"

"எனக்குத் தெரியலையே. உன்னாலதான்னு நெனச்சேன். இவகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"நெனச்சிட்டுப் போயேன்," என்றார் ஏசுவடியான். "நான் ஏதும் சொன்னேனா?"

சாந்தசீலன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். ரத்தினபாய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். 

லில்லி அருகே போய் நின்றாள்.

"மதினி, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"நீ சரியாத்தான் கேட்டே. நாந்தான் ஆளை மாத்திப் பாத்துட்டேன்."

"சாயங்காலம் வேணும்னா பாட்டையே தாழ்வா எடுப்போம். தொடக்கத்துலயே ஒரு சுரம் கீழே."

"இன்னைக்கு ஒரு சுரம். அடுத்த மழைக்கு?"

லில்லி மற்ற பெஞ்சுகளைப் பழைய இடத்துக்கு இழுக்கத் தொடங்கினாள்.

மாலையில் மழை விட்டது. பள்ளி மைதானத்தில் சேறு. போட்ட நாற்காலிகளில் பாதியே நிறைந்தது. நால்வரும் மேடை ஏறினார்கள். ரத்தினபாய் கவையைத் தட்டி, முனகி, மூவருக்கும் சுரம் தந்தார். பிறகு கவையை லில்லியின் கையில் வைத்தார்.

"முதற்குரலை நீ எடுத்துக்கோ."

"மதினி..."

"ஜனங்க பாத்துட்டு இருக்காங்க."

அவர் படியிறங்கி, சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்து, முன்வரிசையில் நடுநாற்காலியில் அமர்ந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் குனிந்து, "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பது மேடைக்குக் கேட்டது. அவர் தலையசைத்தார். ஆம் என்றா இல்லை என்றா என்பது விளங்கவில்லை.

மூவரும் அரைவட்டமாக நிற்க முயன்றார்கள். ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. அந்தத் திறப்பின் வழியாக முன்வரிசை தெரிந்தது.

பாட்டுகள் நடந்தன. கைதட்டினார்கள். கடைசியாக அந்த வாழ்த்துப் பாட்டு. பாடி முடித்ததும் லில்லி மேடையின் பின்னால் போய்க் கவையைத் தட்டினாள். காதில் வைத்தவள் அப்படியே நின்றாள். மறுபடி தட்டினாள்.

ரத்தினபாய் பின்வாசல் வழியாக வந்தார். சேலை ஓரமெல்லாம் சேறு.

"மதினி, இறங்கிட்டோம். அதே அளவு."

ரத்தினபாய் சேலை ஓரத்தை உதறினார்.

"பெரியத்தான் முதல்ல இறங்கினாங்க. உங்க முகத்தைப் பாத்துக்கிட்டே இறங்கினாங்க. எங்க வீட்டுக்காரரும் கூடவே போயிட்டார். நான் பிடிச்சிருக்கலாம். பிடிக்க முடியும் மதினி. காலையில பிடிச்சேனே."

"பிடிக்கலையா?"

"பிடிக்கலை."

லில்லியின் கண்கள் நிறைந்தன. கவையை உறையில் இடப் போனவள் நிறுத்தி, மறுபடி தட்டினாள்.

"நீங்கதான் மேடையில இல்லையே. பிறகு யாருக்காக இறங்கினோம்?"

மைதானத்தில் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. ஏசுவடியான் வேனருகே நின்று, அக்கா கழற்றிவிட்ட செருப்பை ஒரு குச்சியால் சுரண்டிச் சேறு நீக்கிக்கொண்டிருந்தார்.

"நான் வாய்க்குள்ள பாடிட்டிருந்தேன்," என்றார் ரத்தினபாய்.

"சத்தம் வரலையே."

"வரலை. வாய் அசைஞ்சிருக்கும்."

லில்லி அவரைப் பார்த்தாள். ரத்தினபாய் அவள் கையிலிருந்த கவையை விரல் நுனியால் தொட்டார். அது இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

"அடுத்த ஊர்ல நான் கடைசி வரிசையில உக்காந்துக்கிறேன்," என்றார்.