பச்சை வண்டியைத் துடைத்தவர்

"நாலு வருஷமா அந்தப் பச்சை வண்டிய நான்தானம்மா துடைக்கேன்?" என்று கேட்டார் சிவசைலம்.

"ஆமா அண்ணாச்சி. நாலு வருஷமா அத நான்தான ஓட்டுதேன்" என்றார் உலகம்மை.

இதெல்லாம் ஒரு பதிலா என்று சிவசைலத்துக்குத் தோன்றியது. ஆனால் குருவிடம் அப்படிக் கேட்க முடியாது. வயிறுதான் எரிந்தது.

மலையடிவாரத்தில் இருந்தது உலகம்மையின் குடில். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பாடம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். அதனால் அங்கே குருதான் சீடர்களை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்.

சிவசைலம் ஆறடி உயரம். முப்பது வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலி போடாமல் கண்ணாலேயே நிலத்தை அளந்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரை அவரே இரண்டொரு முறை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

தேவசகாயம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆள் குள்ளம், உலகம்மையின் உயரம்தான். குடிலுக்கு வந்து நாலே மாதம் ஆகிறது.

குடிலில் ஒரு வழக்கம் உண்டு. தான் சாப்பிட்ட தட்டைத் தான் கழுவக் கூடாது. தான் படுத்த பாயைத் தான் உதறக் கூடாது. அடுத்தவருடையதைத்தான் செய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வது சிவசைலத்தின் வேலை. தேவசகாயத்துக்கும் முதல் நாள் அவர்தான் சொன்னார். அரைமணி நேரம் சொன்னார்.

வியாழக்கிழமைதோறும் உலகம்மை பச்சை சைக்கிளில் கள்ளத்திக்குளம் போவார். அங்கே மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் காத்திருப்பார்கள். ஒருமணி நேரம் பேசிவிட்டு வருவார். இந்த வாரம் அவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது.

"நாளைக்கு ஒருத்தர் என் இடத்துல உட்கார்ந்து பேசட்டும். இன்னொருத்தர் துணைக்குப் போகட்டும்" என்று புதன்கிழமை காலையில் சொன்னார்.

"பேசப் போறது யாரும்மா?" என்றார் சிவசைலம்.

"வண்டி ரெண்டையும் துடைச்சு மெழுகு போட்டுடுங்க. பச்சை வண்டிய தேவசகாயம் அண்ணாச்சி பாக்கட்டும். கறுப்பு வண்டிய நீங்க பாருங்க."

கறுப்பு வண்டி சந்தைக்குப் போய்வரும் வண்டி. சிவசைலம்தான் அதில் காய்கறி மூட்டை கட்டிக்கொண்டு வருவார்.

சிவசைலத்துக்குப் புரிந்துவிட்டது. கள்ளத்திக்குளத்தில் பச்சை வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. அதில் வந்து இறங்குகிறவர்தான் பேசுகிறவர். துடைக்கச் சொன்னால் கொடுத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்?

நாலு வருஷம் அந்த ஒரு மணி நேரத்துக்காக மனசுக்குள்ளேயே பேசிப் பேசிப் பார்த்தவர் அவர். அது நாலு மாதத்து ஆளுக்குப் போய்விட்டது. அந்த எரிச்சலில்தான் குருவிடம் போய் நாலு வருஷக் கணக்கைக் கேட்டார்.

கிணற்றடியில் பச்சை வண்டியை நிறுத்தினார் தேவசகாயம். அதற்கு எதிரே, மதிலை ஒட்டிக் கறுப்பு வண்டியை நிறுத்தினார் சிவசைலம். மதில் பக்கம் உட்காரவும் இடம் இருந்தது. அவர் கிணற்றுப் பக்கமே ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தார். கழுத்தை லேசாகத் திருப்பினால் போதும், அந்த ஆள் செய்வதெல்லாம் தெரியும்.

முதலில் இருவரும் சோப்புத் தண்ணீர் கரைத்தார்கள்.

தேவசகாயம் ஒரு பழைய பல் பிரஷ்ஷால் ஃபிரேமின் இடுக்குகளைத் தேய்த்தார். ஏதோ பாட்டை முனகிக்கொண்டே தேய்த்தார்.

பாட்டு வேறயா, என்று பல்லைக் கடித்தார் சிவசைலம். தன் துணியை இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

தேவசகாயம் நல்ல தண்ணீர் ஊற்றி வண்டியை வெயிலில் காயவிட்டார். சும்மா உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டார்.

சிவசைலம் காயவிடவில்லை. ஈரத்தின் மேலேயே பாலிஷ் போட ஆரம்பித்தார். எப்படியும் முந்திவிட வேண்டும். எதில் முந்துவது என்று அவருக்கே தெரியாது, ஆனால் முந்த வேண்டும்.

தேவசகாயம் விரல் நுனியால் மெழுகைத் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிசாகத் தடவினார். அது வெளுக்கும்வரை காத்திருந்தார். பிறகு பனியன் துணியால் மெல்லத் துடைத்தார். பச்சை ஃபிரேமில் கிணற்றுக் கயிறு தெரிந்தது.

சிவசைலம் பாதி டப்பா மெழுகை அள்ளி அப்பினார். கை வலிக்கத் தேய்த்தார். பிள்ளைத்தாய்ச்சியைப் போல மூச்சு வாங்கியது. கறுப்பு ஃபிரேம் பளபளத்தது. அதில் தேவசகாயத்தின் முதுகு தெரிந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது தேவசகாயம் ஒரு ஸ்பேனரை எடுத்து எதையோ திருகினார். அதையும் சிவசைலம் பார்த்தார். பார்த்துக் கொதித்தார்.

கம்பை ஊன்றிக்கொண்டு உலகம்மை வந்தார்.

பச்சை வண்டியை ஒரு பார்வை பார்த்தார். கறுப்பு வண்டியிடம் வந்தார்.

"நல்லா மின்னுதே, அண்ணாச்சி."

சிவசைலத்துக்கு ஆறடி ஏழடி ஆயிற்று.

உலகம்மை நொண்டி நொண்டி மதில் பக்கம் போனார். குனிந்தார். அங்கே ஃபிரேமில் போன சந்தை நாளின் சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. சொரசொரவென்று விரலால் தடவிக் காட்டினார்.

"இந்தப் பக்கம் யாரு துடைக்கணும்?"

ஏழடி ஐந்தடி ஆயிற்று.

"காலையிலேருந்து எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

மறைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். முடியவில்லை.

"அந்த ஆளத்தாம்மா பாத்துட்டு இருந்தேன். வயிறு எரியுது. பொறாமைதான், இல்லங்கல. நாலு வருஷம் நாயா கெடந்தவன் நான். நேத்து வந்தவருக்கு வண்டியத் தூக்கிக் குடுத்துட்டீங்க. என்னால தாங்க முடியல."

கிணற்றடியில் தேவசகாயத்தின் கை அப்படியே நின்றது.

உலகம்மை மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுளுக்கிய காலை நீட்டிக்கொண்டார்.

"சரி. அவ்வளவு நேரம் பாத்திருக்கீங்க. என்ன பாத்தீங்கன்னு ஒன்னு விடாம சொல்லுங்க."

இதற்குத்தான் காத்திருந்தவர் போலச் சிவசைலம் கொட்டினார்.

"மூணு தடவ தண்ணி மாத்துனாரு. இங்க தண்ணி என்ன சும்மாவா வருது? பல் பிரஷ்ஷ ரெண்டு தடவ கீழ போட்டாரு. நடுவுல வெத்தலை. பாட்டு வேற, அதுவும் சுருதியே இல்லாம. மெழுகு கஞ்சத்தனமாப் போட்டாரு. ஃபிரேமுல அந்தத் தங்கக் கோடு இருக்குல்ல, அது மேல துணியே படல, சுத்தி சுத்திப் போனாரு."

"தேய்ச்சா கோடு போயிரும்லா" என்று அங்கிருந்தே மெதுவாகச் சொன்னார் தேவசகாயம்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் சிவசைலம்.

"அப்புறம்?" என்றார் உலகம்மை.

"அப்புறந்தாம்மா பெரிய கூத்து. நீங்க உட்காருத சீட்டு. அதுல கை வெச்சுட்டாரு. யாரக் கேட்டாரு? ஸ்பேனரப் போட்டு லூஸ் பண்ணி, அடியோட அழுந்திக் கெடந்த சீட்ட மேல தூக்கிட்டாரு."

"எவ்வளவு தூக்கினாரு?"

சிவசைலம் ஒரு கண்ணை மூடிப் பச்சை வண்டியைப் பார்த்தார். சர்வேயரின் கண்.

"ஆறு விரக்கடை. கூடக் குறைய இருக்காது."

"அதுல ஏறி அவரால ஓட்ட முடியுமா?"

"எங்க முடியும்? இவருக்குக் கால் அந்தரத்துல தொங்கும்மா. பெடல் எட்டவே எட்டாது. அந்தப் புத்திகூட இல்லாம தூக்கி வெச்சிருக்காரு. அந்த உசரத்துக்கு என்ன மாதிரி ஆளு உட்கார்ந்தாத்தான்..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

கிணற்றுக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உலகம்மை தன் கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

சிவசைலம் பச்சை வண்டியைப் பார்த்தார். பிறகு கறுப்பு வண்டியைப் பார்த்தார். தான் ஓட்டும் வண்டி. அதைத் தன்னையே துடைக்கச் சொன்னபோதே, நாளைக்கு அது அடுத்தவருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். தட்டுக்கும் பாய்க்கும் அரைமணி நேரம் விளக்கம் சொன்ன மனிதர்.

தரையில் கிடந்த துணியை எடுத்தார். வாளியில் நனைத்துப் பிழிந்தார். மதில் பக்கம் போய், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தார். காய்ந்த சேற்றின் மேல் ஈரத் துணியை வைத்தார். அது ஊறுவதற்கு இந்தமுறை காத்திருந்தார்.

காத்திருக்கும்போது நிமிர்ந்து கறுப்பு வண்டியின் சீட்டைப் பார்த்தார். அது ஆறடி ஆளுக்கான உயரத்தில் இருந்தது. ஃபிரேமின் இடைவெளி வழியாகக் கிணற்றடியில் இரண்டு குட்டைக் கால்கள் தெரிந்தன.

"தம்பி" என்று கூப்பிட்டார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். "அந்த ஸ்பேனரக் கொஞ்சம் தாங்க."